கசியிழையக் கலத்தின் மூப்பு: முழங்கால் நோய் பற்றிய கருத்துகளின் வரலாறு

முழங்கால் நோவினாற் படியேற இயலாத முதியவர் ஒருவருக்கு அவரது நோயைக் குறித்து முதலிற் சொல்லப்படுவது பெரும்பாலும் 'தேய்வு' என்னும் சொல்லேயாகும். எலும்பு தேய்ந்துவிட்டது என்பர். சவ்வு தேய்ந்துவிட்டது என்பர். வண்டிச் சில்லு ஓடி ஓடித் தேய்வதுபோல மூட்டும் நடந்து நடந்து தேய்ந்தது என்று கேட்பவரும் விளங்கிக்கொள்வர். இச்சொல் ஒரு நோயின் பெயர் மட்டுமன்று. அந்நோய் எதனால் வந்தது என்பது பற்றிய ஒரு கொள்கையும் அதனுள் அடங்கியுள்ளது. மேனாட்டு மருத்துவர் இந்நோய்க்கு இட்ட ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்ற கிரேக்க வழிப் பெயரைப் பிரித்து நோக்கின், என்பு, மூட்டு, அழற்சி என்னும் மூன்று பொருளே அதிற் காணப்படும். தேய்வு என்பது அப்பெயரில் இல்லை. ஆயினும் அப்பெயரை இட்டவர்களும், அவர்களுக்குப் பின் வந்தோரும், நீண்ட காலமாகத் தேய்வு என்றே இதனை எண்ணி வந்தனர்.

உயிருள்ள ஓர் உறுப்பைப் பொறியின் பகுதியாகக் கருதும் இப்பார்வை எவ்வாறு நிலைபெற்றது, அது எவ்வாறு ஐயுறப்படலாயிற்று, கலத்தின் மூப்பு என்னும் வேறொரு கருத்து அதனிடத்தை எவ்வாறு பற்ற முயன்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தேய்ந்த பொருளுக்கு ஓய்வு கொடுப்பதும், முற்றாகத் தேய்ந்தபின் மாற்றுவதுமன்றி வேறு வழியில்லை. நோயுற்ற உயிர்ப்பொருளுக்கோ வேறு வழிகளும் இருத்தல் கூடும்.

முழங்காலில் என்பும் என்பும் சந்திக்கும் முனைகளைப் போர்த்தியிருப்பது கசியிழையம். அது குருதிக் குழாயும் நரம்பும் இல்லாத இழையம். அதன் பருமனில் மிகப் பெரும்பங்கு நீரும், கொலாஜன் என்னும் நார்ப்புரதமும், நீரைப் பற்றி வைத்திருக்கும் பெருமூலக்கூறுகளும் சேர்ந்த தாயமேயாகும். கலங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு இடத்தையே பிடித்துள்ளன. அவை ஒன்றையொன்று தொடாது, தத்தம் சிறு குழிகளுள்ளே தனித்துக் கிடக்கின்றன. மூட்டு அமுங்கியும் விரிந்தும் இயங்கும்பொழுது மூட்டுப்பாயத்திலிருந்து ஊறி வருவதே அவற்றின் உணவு. தாயம் முழுவதையும் ஆக்கியவையும் பேணுபவையும் இக்கலங்களே. நோயின் வரலாற்றிலே மிகப் பிந்தியே இவை கவனிக்கப்பட்டன என்பது வியப்பிற்குரியது.

ஸ்கொத்லாந்திற் பிறந்து இலண்டனிற் பணியாற்றிய வில்லியம் ஹன்டர் 1743 ஆம் ஆண்டிலே, தமது இருபத்தைந்தாம் வயதில், மூட்டுக் கசியிழையத்தின் அமைப்பும் நோய்களும் பற்றிய கட்டுரை ஒன்றை அரச கழகத்திற் சமர்ப்பித்தார். கசியிழையத்தின் நார்கள் என்பின் மேல் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல நிமிர்ந்து நிற்பன என்று அவர் விவரித்த முறை இன்றும் பாராட்டத்தக்கது. அவர் கூறியவற்றுள் மிகுதியும் நினைவில் நின்றதோ வேறொன்று. புண்பட்ட கசியிழையம் தொல்லை மிக்கது என்பதும், ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பதும் ஹிப்போகிறேட்டஸ் காலந்தொட்டு யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி என்று அவர் எழுதினார். இந்த ஒரு வாக்கியத்தை மேற்கோளாக எடுத்தாளாத கசியிழைய நூல் அரிது. ஹன்டரிடம் நுணுக்குக்காட்டியால் அறியப்பட்ட கலம் என்னும் கருத்து இருக்கவில்லை. அவரைக் குறைகூற இடமில்லை. குறை அவரது முடிவை ஆராயாது ஒப்புவித்தோருடையது.

கலக்கொள்கை தோன்றிய வரலாற்றிலே கசியிழையத்திற்குத் தனியிடம் உண்டு. தாவரங்களைப் போலவே விலங்குகளும் கலங்களால் ஆனவை என்பதை 1839 ஆம் ஆண்டில் நிறுவிய தியோடர் ஷுவான், அதற்குத் தலையாய சான்றாக எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று கசியிழையமாகும். அதன் கலங்கள் பிரிந்து பிரிந்து கிடப்பதனால், தாவரக் கலங்களோடு அவற்றை ஒப்பிடுதல் எளிதாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1849 ஆம் ஆண்டளவில், அபர்டீன் நகரிற் பணியாற்றிய பீட்டர் ரெட்பேர்ண் நோயுற்ற மூட்டுக் கசியிழையத்தை நுணுக்குக்காட்டியால் நோக்கி, அங்கே கலங்கள் பருப்பதையும் பெருகுவதையும் கண்டார். மூட்டு நோய் வெளியிலிருந்து வந்த உராய்வினால் மட்டும் நேர்வதன்று, கசியிழையத்தின் போசணையிலேயே ஏற்படும் மாற்றம் என்பது அவர் கொண்ட முடிவு. 1858 இல் ருடோல்ப் விர்ஹோ நோய் என்பது கலத்தின் நோயே என்று பொதுப்படக் கூறியபொழுது, கசியிழைய ஆய்வு அதற்கு முன்னரே அவ்வழியிற் சென்றுகொண்டிருந்தது.

இவ்வழி தொடரப்பட்டிருப்பின் வரலாறு வேறாக அமைந்திருக்கும். அதனைத் திசை திருப்பியது, எமது கருத்தில், ஒரு பெருங் கண்டுபிடிப்பேயாகும். 1895 இல் எக்ஸ் கதிர் அறியப்பட்டது. அக்கதிர்ப்படத்தில் என்பு தெரியும்; கசியிழையம் தெரியாது. இரு என்புகளுக்கும் இடையே ஒரு வெளியே தோன்றும். வெளி குறைந்தால் கசியிழையம் குறைந்தது என்று கொள்ளப்பட்டது. இவ்வாறாகக் கசியிழையம் உயிருள்ள இழையம் என்ற நிலையிலிருந்து நீங்கி, அளவுகோலால் அளக்கப்படும் ஓர் இடைவெளியாயிற்று. இங்கிலாந்தின் கெல்கிறன், லோரன்ஸ் என்னும் இருவர் 1957 இல் வகுத்த கதிர்ப்படத் தரவரிசை, சுழியம் முதல் நான்கு வரையான படிகளையுடையது. இன்றும் உலகெங்கும் பயன்படுவது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை ஆராய்ந்து பயின்ற அவர்களின் உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயினும் படத்திற் காணும் கேடும் நோயாளி உணரும் நோவும் பலரிடத்து ஒத்துச் செல்வதில்லை. நான்காம் படியில் உள்ளவர் சிலர் நோவின்றி நடப்பர். முதற்படியில் உள்ளவர் சிலர் இரவில் உறங்கார். தேய்வுக் கொள்கை இதனை விளக்க இயலாது நின்றது.

கசியிழையத்தோடு தொடர்பின்றி, வேறோர் ஆராய்ச்சி இக்காலத்தே நடந்துகொண்டிருந்தது. பின்னர் அதுவும் முழங்காலுக்கே வந்து சேர்ந்தமையின் அதனையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். உடலின் கலங்கள் எல்லையின்றிப் பிரியும் ஆற்றலுடையன அல்ல, அவ்வெல்லையே மூப்புக்கும் இறப்புக்கும் காரணம் என்று ஜெர்மனியின் ஓகஸ்ட் வைஸ்மன் 1881 இல் ஆற்றிய விரிவுரை ஒன்றிற் கூறினார். அதற்குச் சோதனைச் சான்று எதனையும் அவர் காட்டவில்லை. அதற்கு நேர்மாறான கருத்துக்கோ புகழ் மிக்க சோதனை ஒன்று வாய்த்தது. நியூயோர்க்கின் றொக்பெலர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கரெல் 1912 சனவரியிலே கோழி முளையத்தின் இதயத் துண்டொன்றை வளர்ப்பில் இட்டார். அவ்வாண்டிலேயே வேறோர் ஆய்வுக்காக அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இதயத் துண்டின் கலங்கள் அவர் இறந்த பின்னும், 1946 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பெருகியதாகச் சொல்லப்பட்டது. நாளேடுகள் அதன் பிறந்தநாளை நினைவூட்டி எழுதின. கலம் சாவற்றது, மூப்பு என்பது உடல் முழுவதற்கும் உரியதே தவிரக் கலத்துக்கு உரியதன்று என்று இரு தலைமுறை மாணாக்கர் பயின்றனர். அச்சோதனையை அதே முடிவோடு திரும்பச் செய்தார் எவருமிலர். உணவாக இடப்பட்ட முளையச் சாற்றிலே புதிய கலங்கள் கலந்து சென்றிருக்கலாம் என்று பிற்காலத்தவர் ஐயுற்றனர்.

பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்திற் பணியாற்றிய லெனார்ட் ஹேபிளிக், மூப்பை ஆராயப் புகுந்தவரல்லர். மனிதக் கலங்களை வளர்த்து வைரசு ஆய்வுக்குப் பயன்படுத்துவதே அவர் நோக்கம். வளர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ ஐம்பது மடங்குப் பெருக்கத்தின் பின் ஓய்ந்து நிற்பதை அவர் கண்டார். ஆய்வுகூடத்தின் தவறே இதற்குக் காரணம் எனப் பிறர் கூறக்கூடும் என்பதை அறிந்து, போல் மூர்ஹெட்டுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை மிக எளியது, மிக அழகியது. முதிர்ந்த ஆண் கலங்களையும் இளைய பெண் கலங்களையும் ஒரே கலவையிலே வளர்த்தார். தனியே வளர்த்த ஆண் கலங்கள் ஓய்ந்த வேளையிலே கலவையை நோக்கினார். அங்கே பெண் கலங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. நிறமூர்த்தங்களைக் கொண்டு ஆண் கலத்தையும் பெண் கலத்தையும் வேறுபடுத்துவது மூர்ஹெட்டின் திறமை. ஊடகமோ, நச்சுப்பொருளோ, வைரசோ காரணமாயின் இரண்டும் ஒருங்கே ஓய்ந்திருக்க வேண்டும். ஆகவே எண்ணிக்கை கலத்தினுள்ளேயே உள்ளது. இக்கட்டுரையை முதலில் ஏற்க மறுத்த புகழ் மிக்க மருத்துவச் சஞ்சிகை, தக்க சூழல் அமையின் கலங்கள் எல்லையின்றிப் பெருகும் என்ற பழைய நம்பிக்கையையே காரணமாகக் காட்டிற்று. 1961 இல் அது வேறொரு சஞ்சிகையில் வெளியாயிற்று. ஹேபிளிக் 2024 இல் மறைந்தார். 'ஹேபிளிக் எல்லை' என்னும் பெயரை அவருடைய கண்டுபிடிப்புக்கு மக்பார்லேன் பேர்ணெற் 1974 இல் இட்டிருந்தார்.

எண்ணிக்கையைக் கலம் எங்கே குறித்து வைக்கிறது என்ற வினாவுக்கு, நிறமூர்த்தத்தின் நுனிகள் ஒவ்வொரு பிரிவிலும் சிறிது குறுகுகின்றன என்ற விடையை மொஸ்கோவின் அலெக்சேய் ஒலொவ்னிக்கொவ் 1971 இல் ஊகமாக முன்வைத்தார். டெலோமியர் எனப்படும் அந்நுனிகளின் அமைப்பையும், அவற்றை நீட்டும் நொதியத்தையும் பற்றிய ஆய்வுகளுக்காக எலிசபெத் பிளக்பேர்ண், கரொல் கிரைடர், ஜக் ஷொஸ்டக் ஆகியோர் 2009 இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வரலாறு பலரும் அறிந்தது. இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

கசியிழையத்துக்கு மீள்வோம். 1971 இல் அமெரிக்காவின் ஹென்றி மான்கினும் அவரது தோழரும், நோயுற்ற இடுப்பு மூட்டுகளிலிருந்து எடுத்த கசியிழையத்தை ஆராய்ந்து, அங்கே கலங்கள் ஓய்ந்து கிடக்கவில்லை, வழக்கத்திலும் மிகுதியாக உழைக்கின்றன என்று காட்டினர். நோய் முற்ற முற்ற உழைப்பும் கூடிச் சென்று, ஓர் எல்லைக்குப் பின்னரே வீழ்ந்தது. தேய்வுக் கொள்கையின் மீது விழுந்த முதல் வலிய அடி இதுவே எனலாம். தேயும் சில்லு தன்னைத் தானே திருத்த முயல்வதில்லை. 1983 இல் எவன்ஸ், ஜோர்ஜெஸ்கு என்னும் இருவர் ஹேபிளிக்கின் வினாவை மூட்டுக் கசியிழையக் கலங்களிடம் எழுப்பி, அவையும் வளர்ப்பில் எல்லைக்குட்பட்டே பெருகுகின்றன என்று கண்டனர். இரு ஆறுகள் இங்கே சந்தித்தன.

ஆயின் சந்திப்பிலேயே ஓர் இடர்ப்பாடும் இருந்தது. ஹேபிளிக்கின் கலங்கள் பிரிந்து பிரிந்து மூத்தவை. வளர்ந்தோர் மூட்டிலுள்ள கசியிழையக் கலமோ அரிதாகவே பிரிகின்றது. அதனைச் சூழ்ந்த தாயமும் அவ்வாறே. முழங்காற் கொலாஜனின் பாதி மாறுவதற்கு நூறாண்டுக்கு மேல், 117 ஆண்டுகள், வேண்டுமென 2000 இல் வெளியான கணிப்பொன்று கூறிற்று. 2016 இல் டென்மார்க்கு ஆய்வாளர் இதனை வேறு வழியால் உறுதிப்படுத்தினர். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் வெடிக்கப்பட்ட அணுகுண்டுகளால் காற்றிலே கதிர்வீசும் காபன் பெருகி, பின் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒருவரது கொலாஜனில் உள்ள அக்காபனின் அளவு, அது எந்த ஆண்டுகளில் உருவானதென்பதைக் காட்டிக்கொடுக்கும். முழங்காற் கசியிழையம் காட்டியதோ அவரவர் வளர்பருவத்து ஆண்டுகளையே. நோயுற்ற மூட்டிலும் அவ்வாறே இருந்தது. எழுபது வயதினர் ஒருவர் தம் பதின்ம வயதில் நெய்த நாரின் மேலேயே நடக்கிறார். அழிவைத் தாங்கும் அணுகுண்டு மனித முழங்காலின் வயதைச் சொல்ல உதவியமை எண்ணத்தக்கது.

பிரியாத கலம் எவ்வாறு பிரிவெண்ணிக்கையால் மூக்கும்? இவ்வினாவுக்கு விடை, மூப்பு என்ற சொல்லின் பொருள் விரிந்ததனாலேயே கிட்டிற்று. 1995 இல் ஜூடித் கம்பீசி முதலியோர் மூத்த கலங்களை மட்டும் நீலமாக்கும் சாய முறையொன்றை வெளியிட்டனர். 1997 இல் மனுவேல் செரானோவும் அவரது குழுவினரும், புற்றுநோயைத் தூண்டும் பரம்பரை அலகு ஒன்றைப் புகுத்தின் இளங்கலமும் சில நாட்களிலேயே மூப்படைவதைக் காட்டினர். ஆக, எண்ணிக்கை முடிந்தாலன்றி மூப்பு இல்லை என்பது தவறாயிற்று. ஒட்சியேற்றச் சேதம், அளவு மீறிய அழுத்தம், காயம் முதலியனவும் கலத்தை அந்நிலைக்குத் தள்ளக்கூடும். அயோவாவின் ஜேம்ஸ் மார்ட்டின், ஜோசப் பக்வோல்டர் ஆகியோர் 2001 இல், வயது கூடக் கூட மனிதக் கசியிழையத்தில் நீலக் கலங்கள் மிகுவதையும் டெலோமியர் குறுகுவதையும் கண்டனர். அடுத்த ஆண்டு இலண்டனிலிருந்து ஜோஅனா பிரைஸ் முதலியோர் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. நீலக் கலங்கள் கசியிழையம் சிதைந்த இடத்தை அடுத்தே காணப்பட்டன. அதே மூட்டின் கெடாத பகுதியில் அவை காணப்படவில்லை. ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே முழங்கால். ஆயினும் ஓரிடத்திற் கலம் மூத்தது, ஓரிடத்தில் மூக்கவில்லை. வயது ஒன்றே காரணம் என்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மூத்த கலம் வாளாவிருப்பதில்லை என்பது 2008 இல் கம்பீசியின் குழுவினரால் தெளிவாகக் காட்டப்பட்டது. பிரிவதை நிறுத்திய கலம், அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் தாயத்தைக் கரைக்கும் நொதியங்களையும் வெளியே கக்குகின்றது. கசியிழையத்தைப் பொறுத்தவரை இது பெருஞ்செய்தி. காவற்காரனே கன்னமிடுவதுபோல, தாயத்தைக் காக்கவேண்டிய கலமே அதனை அரிக்கின்றது. ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்னும் பெயரின் இறுதியில் உள்ள அழற்சி என்னும் பொருள் பொய்யன்று என்பதும் இதனாற் புலனாயிற்று. மூத்த கலங்களை எலியின் உடலிலிருந்து நீக்கின் மூப்பின் சில குறிகள் தாமதமாகின்றன என்று 2011 இல் மேயோ மருத்துவ நிலையத்தின் டரன் பேக்கர் முதலியோர் காட்டினர். 2017 இல் இரு சோதனைகள் ஒன்றையொன்று நிறைவு செய்தன. ஒன்றில், மூத்த கலங்களை எலியின் நல்ல முழங்காலிற் செலுத்தியபோது நோய் தோன்றிற்று. மற்றதில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெனிபர் எலிசெப் குழுவினர் எலியின் முழங்கால் இணைநாரை அறுத்து நோயை உண்டாக்கி, பின் மூத்த கலங்களை அழிக்கும் மருந்தை மூட்டிலே செலுத்தினர். நோவும் சிதைவும் குறைந்தன.

நம்பிக்கை பெருகிய காலம் அது. அம்மருந்து மனிதரிடமும் சோதிக்கப்பட்டது. 183 நோயாளர் முழங்காலில் ஓர் ஊசியாக அதனையோ வெறும் திரவத்தையோ பெற்றனர். பன்னிரண்டு வாரங்களின் பின் நோவை அளந்தபோது, மருந்து பெற்றோருக்கும் வெறும் ஊசி பெற்றோருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2020 ஓகத்து மாதத்தில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. எலியின் மூட்டிலே வென்றது மனித மூட்டிலே தோற்றது.

இத்தோல்வியை முன்கூட்டியே ஐயுறச் செய்யும் சான்று ஒன்று 2018 இலேயே வெளியாகியிருந்தது. மூப்பின் அடையாளமாகக் கொள்ளப்படும் பி16 என்னும் புரதத்தைக் கசியிழையக் கலங்களிலிருந்து மட்டும் அகற்றிய எலிகளை டீக்மன் முதலியோர் ஆராய்ந்தனர். வயதினால் வந்த நோயும் காயத்தினால் வந்த நோயும் அவ்வெலிகளிற் குறையவில்லை. அப்புரதம் மூப்பைக் காட்டும் குறியேயன்றி நோயின் காரணம் அன்று என்பது அவர்கள் முடிபு. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணரலாம். புகையை விசிறியால் ஓட்டி நெருப்பை அணைக்க இயலாது. இக்கட்டுரையாளன் கருத்தில், மூப்புக் கொள்கையினர் தேய்வுக் கொள்கையினரின் குறை ஒன்றிலிருந்து தாமும் முற்றாக நீங்கினாரல்லர். முன்னையோர் கதிர்ப்படத்தின் இடைவெளியையே நோயெனக் கொண்டனர். பின்னையோருட் சிலர் நீலச் சாயத்தையே நோயெனக் கொண்டனர். எதனை அளக்கக் கருவி கிட்டியதோ அதனையே காரணமாகக் கொள்ளும் வழக்கம் இரண்டிலும் காணப்படுகின்றது.

வயதே காரணமாயின், எல்லாக் காலத்து முதியோரும் ஒரே அளவில் இந்நோயுற்றிருத்தல் வேண்டும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் இயன் வொலஸ், டானியல் லீபர்மன் முதலியோர் அமெரிக்காவில் வரலாற்றுக்கு முந்திய காலம் முதல் அண்மைக் காலம் வரை வாழ்ந்தோரின் 2,000 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை நோக்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றின் பின் முழங்கால் நோய் அங்கே ஏறத்தாழ இருமடங்காயிற்று. நெடுநாள் வாழ்தலும் உடற்பருமனும் கணக்கில் எடுத்துக் கழிக்கப்பட்ட பின்னும் அம்மடங்கு நின்றது. 2017 இல் வெளியான இவ்வாய்வு, முன்னோரிலும் குறைவாக நடக்கும் மக்களிடையே நோய் கூடியதைக் காட்டுகின்றமையால், தேய்வுக் கொள்கைக்கும் பாதகமானதே. முள்ளந்தண்டிற் காயமுற்று நடக்க இயலாதார் முழங்கால்களை அளந்த சுவிற்சர்லாந்து ஆய்வாளர், பயன்படுத்தப்படாத கசியிழையம் ஆண்டுதோறும் மெலிந்து செல்வதை 2002 இல் எழுதியிருந்தனர். நடந்து தேய்வதாகக் கருதப்பட்டது, நடவாமையாலும் மெலிகின்றது. மூட்டு அமுங்கினாலன்றிக் கலத்துக்கு உணவு ஊறாது என்று மேலே கூறியதை இங்கு நினைவுகூர்தல் தகும். முழங்கால் நோயாளரைக் கட்டிலிற் கிடத்திய காலம் மாறி, இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் உடற்பயிற்சியை முதற் சிகிச்சைகளுள் வைப்பது இக்காரணங்களோடு ஒத்துச் செல்வதாகும். எம்மவர் வீடுகளிலோ, தேய்வு என்ற சொல்லைக் கேட்டு நடையைக் குறைத்துக்கொண்ட பாட்டன் பாட்டிமார் இன்றும் பலர்.

மூத்த கலங்களை நீக்கும் முயற்சி 2020 உடன் நின்றுவிடவில்லை. ஒரு மருந்து தோற்றமையால் கொள்கை முழுவதும் தோற்றதென்று கொள்வது அவசரமாகும். கசியிழையத்தில் நரம்பில்லாமையால் நோவு அதிலிருந்து நேரே எழுவதன்று. அடியிலுள்ள என்பிலும், மூட்டைச் சூழ்ந்த உறையிலும், பிற இழையங்களிலும் அது எழுகின்றது. அவ்விழையங்களிலும் மூத்த கலங்கள் உள. பதின்ம வயதில் நெய்யப்பட்டுப் பல பத்தாண்டுகளாற் சிதைந்த நாரை, ஓர் ஊசியும் பன்னிரண்டு வாரமும் மீட்டுத் தருமா என்பதும், அக்கால எல்லையில் நோவை மட்டும் அளந்து கலத்தின் நிலையை அறியலாமா என்பதும் வேறு வேறு வினாக்கள். 1743 இல் ஹன்டர் எழுதிய வாக்கியத்துக்கு மனித முழங்காலிலிருந்து மறுப்புரை இன்னும் எழுதப்படவில்லை.